காந்தத்தில் எழுந்து நின்ற குங்குமம்

ஆய்வுகூட நலன்புரிச் சங்கத்து மலருக்கு ஏதாவது எழுதித் தாங்க அக்கா என்று, இப்போது என் இடத்தில் வேலை செய்கிற பிள்ளை மஹய்யாவைக்கு வீடு தேடி வந்து கேட்டது. நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். எழுத்துக்கூட்டித்தான் எழுதுகிறேன். பிழை இருந்தால் எழுத்தைத் திருத்திக்கொள்ளுங்கள், சொல்லைத் திருத்த வேண்டாம். சொல் எல்லாம் சரியாகத்தான் இருக்கும்.

வந்த பிள்ளை டீயைக் குடித்துக்கொண்டே ஒரு செய்தி சொன்னது. காந்தம் ஒட்டாத காந்த உலோகம் என்று ஒரு வகை இருக்கிறதே, அதைப் பற்றி இப்போது உலகம் பூராவும் பேச்சாம். அதற்குப் புதுப் பெயரெல்லாம் வைத்துவிட்டார்களாம். "ஒங்க காலத்துலயே இங்க அளந்தாங்கன்னு சொல்றாங்களே, நெசமா அக்கா?" என்று கேட்டது. நிஜமா என்றா கேட்பது? அந்த உலோகக் கல்லுக்குக் கம்பி ஒட்டினது இந்தக் கை. அதை வெட்டினதும் இந்தக் கைதான்.

அந்த வேலையை நினைத்தால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது உலோகம் இல்லை, குங்குமம். இத்தனை வருசம் ஆகியும் அது நினைவுக்கு வந்தால் கை தானாக நெற்றிக்குப் போகிறது. அப்படி ஒரு அதிர்ச்சி. நிதானமாகச் சொல்கிறேன்.

என் அப்பா கண்டி டவுன் தெருக்களைக் கூட்டியவர். டவுன் கூட்டுகிறவர்கள் குடியிருந்த மஹய்யாவையில் பிறந்த பிள்ளைக்கு என்ன வேலை கிடைக்கும் என்று அந்தப் பிள்ளை பிறக்கும் முன்பே ஊருக்குத் தெரிந்திருந்த காலம் அது. நானும் கூட்டுகிறவளாகத்தான் அந்த ஆய்வுகூடத்துக்குப் போனேன். இடத்தின் பெயரை எழுதவில்லை. அங்கே வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும், மற்றவர்களுக்குத் தேவையில்லை. டவுனிலிருந்து மலையேறுகிற பஸ்ஸில் போய் இறங்கி, பைனஸ் மரங்களுக்கு நடுவே நடக்க வேண்டும். மழை நாளில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டுதான் நடப்பேன்.

ஒருநாள் அங்கே கம்பிச்சுருள் சுற்றிக்கொண்டிருந்த ஒருவரின் நகக்கண்ணில் செம்புக் கம்பி ஏறிவிட்டது. பெரியாஸ்பத்திரிக்குப் போகலாம் என்று எல்லாரும் நின்று யோசித்தார்கள். "கையக் காட்டுங்க" என்று சொல்லி, மேசையில் கிடந்த சாமணத்தால் நான் இழுத்தெடுத்தேன். சாமணம் என்பது பொன் ஆசாரிமார் வைத்திருக்கிற சின்ன இடுக்கி. அந்த ஆள் ஊ என்று கத்தக்கூட இல்லை. ஆய்வுகூடத்துக்குத் தலைவரான பெரிய சேர் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

"மாரி, ஒங்களுக்கு கை நடுங்காதா?"

"என்னாத்துக்கு சேர் நடுங்கணும்? வலி அவருக்குத் தானே."

மறுநாள் காலையில் என் விளக்குமாற்றை வேறொருத்தியிடம் கொடுக்கச் சொல்லிவிட்டார்.

பெரிய சேர் சிங்கள ஆள். ஆனால் நாவலப்பிட்டியில் பேக்கரி வைத்திருந்த குடும்பம். தோட்டத்துப் பிள்ளைகளோடு விளையாடி வளர்ந்தவர், தமிழ் எங்களைப் போலவே பேசுவார். கோபம் வந்தால் குரல் ஏறாது, இறங்கும். அவர் மெதுவாகப் பேச ஆரம்பித்தால் நாங்கள் பயந்துவிடுவோம். சந்தோசமும் அப்படித்தான். எதைக் கண்டும் அதிராத முகம். மேலே மரம் முறிந்து கூரையில் விழுந்த அன்றும் நிமிர்ந்து பார்த்துவிட்டு, "அளக்கிறது கலைஞ்சிருக்கும், திரும்ப ஆரம்பிங்க" என்று சொன்ன மனுசன்.

நான் வேலை பழகின கதை நீளம், சுருக்கிவிடுகிறேன். தங்கக் கம்பியை அறுத்தேன். பசையைக் காயவிட்டேன். கல்லைத் தரையில் தவறவிட்டு முழங்காலில் ஊர்ந்து தேடினேன். மூச்சு விட்டால் கம்பி பறக்கும் என்பதால் மூச்சை நிறுத்திப் பழகினேன். அப்புறம் எல்லாம் வந்துவிட்டது.

வேலை இப்படி. உள்ளே வந்ததும் கொண்டை ஊசி, சேலைப் பின், வளையல் எல்லாவற்றையும் கழற்றி ஒரு தகர டப்பாவில் போட்டுவிட வேண்டும். அங்கே இருக்கிற பெரிய காந்தத்தை முடுக்கினால் ஊசி எல்லாம் பறந்துபோய் ஒட்டும். பிறகு கண்ணாடித் துண்டில் கல்லை வைத்து, லென்ஸுக்குள் பார்க்க வேண்டும். படிகம் என்று படித்தவர்கள் சொல்வார்கள், எனக்கு அது கல். வெள்ளிப் பசையில் ஒரு சொட்டு மருந்து விட்டுக் குழைப்பேன். தயிராகவும் இருக்கக் கூடாது, மோராகவும் இருக்கக் கூடாது. குச்சி நுனியில் ஒற்றை முடியை ஒட்டி வைத்திருப்பேன். என் தலைமுடிதான், நரைத்த முடி விறைப்பாக நிற்கும். அந்த முடியால் பசையைத் தொட்டு, கல்லில் வைத்து, அதன் மேல் தங்கக் கம்பியை இறக்க வேண்டும். தலைமாட்டில் ஒன்று, கால்மாட்டில் ஒன்று, மின்சாரம் போய் வர. ஒரு விலாவில் இரண்டு, எதிர் விலாவில் இரண்டு, உள்ளே என்ன நடக்கிறது என்று ஒட்டுக்கேட்க. விலாக் கம்பிகள் நேருக்கு நேர் பார்க்க வேண்டும். கொஞ்சம் விலகினாலும் பொய் சொல்லும். ஒட்டின பிறகு கல்லைச் சின்ன அடுப்பில் வைத்துப் பசையை இறுக விடுவோம்.

மின்சாரம் விட்டு அளப்பது ஒரு வகை. மின்சாரமே விடாமல் அளப்பது இன்னொரு வகை. கல்லின் ஒரு முனையில் பொட்டு அளவுக்கு ஒரு சூடாக்கி, மறுமுனை குளிர்ந்த செம்புக் கட்டையில். ஒரு பக்கம் சூடு, ஒரு பக்கம் குளிர், அவ்வளவுதான். பாட்டரி இல்லை, பிளக் இல்லை. மீட்டரில் எண் ஓடும்! முதல் தடவை அதைப் பார்த்தபோது நான் கதிரையைத் தள்ளிக்கொண்டு எழுந்துவிட்டேன். "சூட்டுக்கே கரண்ட் வருமா சேர்?" என்று கேட்டேன். "வரும். உலோகத்துக்குள்ள சூடும் கரண்டும் ஒண்ணாத்தான் நடக்கும்" என்றார், மழை பெய்யும் என்பது போல.

அளந்து ஒரு எண் வந்தால் சேர் சொல்கிற ஒரே சொல், "திருப்புங்க." மின்சாரத்தைத் திருப்பி அளக்க வேண்டும், காந்தத்தைத் திருப்பி அளக்க வேண்டும். கடைசியில் கம்பியை எல்லாம் கழற்றி, கல்லைத் திருப்பி வைத்து, புதிதாக ஒட்டி அளக்க வேண்டும். "நல்லா வந்துச்சுன்னா நம்பாதீங்க மாரி. நமக்குப் பிடிச்ச மாதிரி வர்றதைத்தான் ரொம்ப சந்தேகப்படணும்" என்பார்.

அந்த ஆய்வுகூடத்துக்குத்தான் கௌசல்யா வந்தாள். யாழ்ப்பாணத்துப் பிள்ளை, அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். படிப்பு லீவு வாங்கிக்கொண்டு டாக்டர் பட்டத்துக்குப் படிக்க வந்தவள். ஒல்லிப் பிள்ளை, எப்போதும் ஒரு சுவெட்டர். என்னைப் பார்த்ததும், "நீங்கள் எவடம் அக்கா?" என்று கேட்டாள். மஹய்யாவை என்றேன். "ஓ" என்றாள். அந்த 'ஓ' எனக்குப் புதிது இல்லை. அங்கே எல்லாருக்கும் டீ ஊற்றுகிறது நான்தான்; மறுநாள் அவள் தனியாக ஒரு போத்தலில் தேத்தண்ணீர் கொண்டுவந்தாள். நானும் அதற்குப் பிறகு அவளுக்கு ஊற்றவில்லை. வேலையில் ஒரு குறை வைக்கவில்லை, கேட்டதை எல்லாம் செய்துகொடுத்தேன். டீ மட்டும் ஊற்றவில்லை.

அவள் வளர்த்த கல்தான் இந்தக் கதை. உலோகத் தூள்களைக் கலந்து, கண்ணாடி மாதிரி ஒரு குழாயில் அடைத்து, உலையில் வைத்து மெல்ல மெல்ல ஆறவிட வேண்டும். மாதக்கணக்கில் எடுக்கும். பல தடவை ரவை ரவையாகத்தான் வந்தது. கடைசியில் ஒரே ஒரு தடவை, பச்சரிசி அளவில் ஒரு கல், முகம் பார்க்கலாம் போன்ற பளபளப்போடு வந்தது. சேர் மேசையிலிருந்து கை காந்தத்தை எடுத்து அதன் பக்கத்தில் கொண்டுபோனார். கல் அசையவில்லை.

"இது காந்தமே இல்லியே சேர்" என்றேன்.

"அதுதான் விசயம். சித்திரை வருசப் பொறப்புக்கு கயிறு இழுக்கிறாங்க தானே மாரி. ரெண்டு பக்கமும் சரி பலம். கயிறு நகராது. ரோட்டுல போறவன் என்னா நெனைப்பான்? சும்மா நிக்கிறாங்கன்னு நெனைப்பான். கயித்தைப் பிடிச்சவனுக்குத் தான் தெரியும், கை தோல் உரியுது. இந்தக் கல்லு அப்படி. உள்ள அவ்வளவு காந்தமும் இருக்கு. ஒண்ணுக்கொண்ணு எதிர்த்து இழுக்குறதால வெளிய ஒண்ணும் தெரியல."

அப்படியானால் உள்ளே இழுக்கிறார்கள் என்று எப்படித் தெரிந்துகொள்வது? அதற்குத்தான் மின்சாரம். கல்லின் தலைமாட்டிலிருந்து கால்மாட்டுக்கு மின்சாரம் நேராகப் போக வேண்டும். காந்தம் இருந்தால் அது கொஞ்சம் ஓரம் ஒதுங்கும், காற்றுக்குக் குடை சாய்கிற மாதிரி. விலாக் கம்பிகள் அதைச் சொல்லிவிடும். பெரிய காந்தத்தை வைத்திருக்கும்போது எந்த உலோகத்திலும் ஒதுங்கும், அதில் அதிசயம் இல்லை. காந்தத்தை அணைத்த பிறகும் ஒதுங்கினால்? அப்போது இழுப்பது உள்ளே இருக்கிறவர்கள்தான். சூட்டை விட்டாலும் அதே கணக்கு.

கௌசல்யாவுக்கு அந்தப் பள்ளிக்கூடத் தவணை முடிவதற்குள் இது வர வேண்டும். லீவை ஏற்கனவே நீட்டி நீட்டி வாங்கிவிட்டாள், இனி நீட்ட மாட்டார்கள். வராவிட்டால் பட்டம் இல்லாமல், போன மாதிரியே வகுப்பறைக்குத் திரும்ப வேண்டியதுதான். இத்தனை வருசம் அங்கே என்ன செய்தாய் என்று ஊர் கேட்கும். அவள் அதை யாரிடமும் சொல்லி அழுகிற பிள்ளை இல்லை. ஆனால் நகத்தைக் கடித்து விரல் எல்லாம் புண்.

அந்த நேரத்தில்தான் வாணி விழா வந்தது. எங்கள் ஆய்வுகூடத்திலும் வருசா வருசம் செய்வோம். ஒரு மேசையில் சரஸ்வதி படம் வைத்து, அவரவர் சாமானை அதன் முன்னால் வைப்போம். நான் என் சாமணத்தையும் முடிக்குச்சியையும் வைப்பேன். ஒருத்தர் ஸ்பானர் வைப்பார். சந்தனமும் குங்குமமும் நான்தான் வாங்கி வருவேன், டவுனில் கோயிலுக்கு எதிரே இருக்கிற கடையில், எனக்கு வாங்குகிற அதே பெட்டியில். மீட்டருக்கு ஒரு பொட்டு, உலைக்கு ஒரு பொட்டு. சேர் கும்பிட மாட்டார், ஆனால் சுண்டல் சாப்பிடுவார். மறுநாள் காலைவரை யாரும் சாமானைத் தொட மாட்டோம்.

கௌசல்யா அந்த வருசம் கல்லையே கொண்டுவந்து வைத்தாள், சின்னக் கண்ணாடிப் பெட்டியில். எனக்கு அது பிடித்திருந்தது. அவளுடைய ஆயுதம் அதுதானே.

பிறகு கல்லுக்கு நான் கம்பி ஒட்டினேன். அளந்தார்கள். திரையில் வந்த கோட்டைப் பார்த்து கௌசல்யா கதிரையிலிருந்து எழுந்தாள், உட்கார்ந்தாள், மறுபடி எழுந்தாள். காந்தத்தை ஏற்றும்போது கோடு ஒரு வழியாகப் போயிற்று. இறக்கும்போது போன வழியில் திரும்பாமல் வேறு வழியாகத் திரும்பியது. நடுவில் வெற்றிலை மாதிரி ஒரு இடைவெளி. காந்தத்தை முழுதாக அணைத்த பிறகும் ஓரம் ஒதுங்கிக்கொண்டுதான் இருந்தது. சூட்டை விட்டு அளந்தோம், அதிலும் அப்படியே. மின்சாரத்தைத் திருப்பினோம், காந்தத்தைத் திருப்பினோம், எல்லாம் ஒழுங்காகத் திரும்பியது.

சேர் நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு ரொம்ப மெதுவாக, "நல்லா இருக்கே" என்றார். அவர் வாயிலிருந்து அந்தச் சொல் வந்து நான் கேட்டதே இல்லை. வெளிநாட்டில் இருக்கிற தெரிந்தவர்களுக்குச் செய்தி போயிற்று. வந்து பேசுங்கள் என்று அவர்கள் அழைத்தார்கள். அவர் ஒப்புக்கொண்டார்.

இனி ஒன்றுதான் பாக்கி. கம்பியைக் கழற்றி, கல்லைத் திருப்பி ஒட்டி, ஒரு தடவை அளக்க வேண்டும். சேர் விதி அது.

காலை வெயில் ஜன்னலில் நல்லாக விழுந்த ஒரு நாள். மருந்தில் ஊறவைத்துக் கம்பிகளைக் கழற்றினேன். பசையை வழித்தேன். கல்லைத் திருப்பி லென்ஸுக்குள் பார்த்தேன். ஒரு ஓரத்தில், விலாக் கம்பி ஒட்டியிருந்த இடத்துக்குக் கீழே, முடி மாதிரி ஒரு வெடிப்பு. அதற்குள் சிவப்பு.

துரு என்று நினைத்தேன். இந்தக் கல் துருப்பிடிக்காது. லென்ஸைக் கூட்டிப் பார்த்தேன். அந்த நிறம் எனக்குத் தெரியாதா? தினமும் கண்ணாடியில் பார்க்கிற நிறம்.

"கௌசல்யா, கொஞ்சம் இங்க வாங்கம்மா."

அவள் வந்து குனிந்து பார்த்தாள். நிமிரவே இல்லை. லென்ஸில் கண்ணை வைத்தபடியே சொன்னாள்.

"நான்தான் அக்கா வச்சனான்."

"என்னாது?"

"வாணி விழா அண்டைக்கு. ஊசி முனையால கொஞ்சூண்டு குங்குமம். பிறகு ஸ்பிரிட்டால கழுவினனான், போயிட்டுது எண்டு நினைச்சன். வெடிப்பு இருந்தது எனக்குத் தெரியேல்ல அக்கா."

இதில் என்ன பெரிய குற்றம் என்று எனக்கு விளங்கவில்லை. சாமி குங்குமம், கல்லை என்ன செய்துவிடும்? நான் அதைச் சொல்ல வாயைத் திறக்கும் முன்னே அவள் எழுந்து நேராக சேர் அறைக்கு நடந்துவிட்டாள். அதுதான் எனக்கு முதல் அதிர்ச்சி. அந்த அறையில் நாங்கள் இரண்டே பேர். துடைத்துவிட்டு ஒட்டியிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. யாரிடமும் சொல்லாதீங்கோ அக்கா என்று அவள் என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

சேர் வந்தார். லென்ஸில் பார்த்தார். குரல் இறங்கிவிட்டது.

"அந்தக் குங்குமம் இன்னும் இருக்கா மாரி?"

அலுமாரியிலிருந்து பெட்டியை எடுத்துக் கொடுத்தேன். ஒரு வெள்ளைத் தாளில் கொஞ்சம் கொட்டினார். கை காந்தத்தை எடுத்து, தாளுக்குக் கீழே கொண்டுபோனார்.

குங்குமம் எழுந்து நின்றது.

நான் சொல்வது நிஜம். தாள் மேல் கிடந்த பொடி, சிலிர்த்த மயிர் மாதிரி, முள்ளு முள்ளாக எழுந்து நின்றது. காந்தத்தை நகர்த்தினார், அது அவர் பின்னாலேயே ஊர்ந்தது. என் கை தானாக நெற்றிக்குப் போயிற்று. பிள்ளை பிறந்த அன்றைக்கும், என் வீட்டுக்காரர் கையால் தாலி வாங்கின அன்றைக்கும், தினமும் குளித்து முழுகி நெற்றியில் வைத்துக்கொண்டது இதையா?

"இரும்புத் தூள் கலந்திருக்காங்க. நிறத்துக்கு" என்றார் சேர்.

"கோயில் கடைக் குங்குமம் சேர்!"

"கடைக்காரனுக்கு எங்க தெரியும் மாரி."

பிறகுதான் விசயத்தின் கனம் எனக்கு விளங்கியது. விலாக் கம்பிக்குக் கீழே உண்மையான காந்தத் தூள். அது இருந்தால் மின்சாரம் ஓரம் ஒதுங்கும். காந்தத்தை அணைத்த பிறகும் ஒதுங்கும். காந்தத்தைத் திருப்பினால் அதுவும் ஒழுங்காகத் திரும்பும். இத்தனை நாள் நாங்கள் அளந்தது கல்லையா, குங்குமத்தையா? சேரின் எல்லாத் திருப்பலையும் தாண்டி அது அங்கே உட்கார்ந்திருந்தது.

சேர் எங்கள் முன்னாலேயே தொலைபேசியை எடுத்தார். வெளிநாட்டு ஆளிடம் பேசினார். இங்கிலீஷில் பேசினாலும் எனக்கு அர்த்தம் புரிந்தது. நான் பேச வரவில்லை, என் பேச்சை எடுத்துவிடுங்கள் என்கிறார். இன்னும் ஒரு தடவை அளந்து பார்ப்போம் என்றில்லை, நாளைக்குச் சொல்வோம் என்றில்லை. வைத்துவிட்டுக் கௌசல்யாவைப் பார்த்தார். திட்டுவார் என்று நான் கண்ணை மூடினேன்.

"சாமிக்குப் படைச்சதுல தப்பில்ல. இப்ப என்னா செய்யலாம், நீங்க சொல்லுங்க."

கௌசல்யாவின் உதடு காய்ந்திருந்தது. "அந்தப் பக்கத்தை வெட்டி எடுத்துப்போட்டு, சுத்தமான பாதியை மட்டும் அளக்கலாம் சேர்."

"வெடிப்பு இருக்கிற கல்லு. வெட்டும்போது தூளாப் போகலாம்."

"தெரியும் சேர்."

"தூளாப் போனா வேற கல்லு இல்ல. ஒங்களுக்கு நாளும் இல்ல."

"ஓம் சேர். எண்டாலும் வெட்டச் சொல்லுங்கோ."

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். வெட்டுகிறவள் நான்தானே.

கல்லை மெழுகில் பதித்து இறுக விட வேண்டும் என்பதால் வெட்டு மறுநாளைக்குப் போயிற்று. நான் கை காந்தத்தைக் கேட்டு வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு டவுனில் இறங்கினேன். நேரே அந்தக் கடை.

"தம்பி, குங்குமத்தை எடு."

"எந்தக் குங்குமம் அக்கா? வழக்கமா வாங்குறதா?"

"எல்லாத்தையும் எடு."

பெட்டியைத் திறந்து, மூடியில் கொட்டி, காந்தத்தைக் காட்டினேன். எழுந்து நின்றது. கடைக்காரன் பின்னால் நகர்ந்து பத்திக்கட்டு அடுக்கில் முட்டிக்கொண்டான்.

"என்னா அக்கா இது, செய்வினையா?"

"செய்வினை இல்லடா, ஒன் வியாபாரம். நெத்தியில வைக்கிறதுக்கு ஆணியக் கரைச்சு விக்கிற!"

பூ வாங்க நின்ற பெண்கள் எல்லாம் நெற்றியைத் துடைக்க ஆரம்பித்துவிட்டார்கள். ஒருத்தி, "அதான் எனக்குத் தலைவலி நிக்கவே மாட்டேங்குது" என்றாள். "ஒனக்குத் தலைவலி ஒன் மாமியாரால" என்றாள் இன்னொருத்தி. கடைக்காரன் பாவம், சாமி சத்தியமாகத் தெரியாது என்று கண்ணீரே விட்டுவிட்டான். விசாரித்தால், இந்த வகைதான் பளிச்சென்று சிவப்பாக இருக்கிறது என்று நாங்களே விரும்பிக் கேட்கிறோமாம். அன்றைக்கு வெறும் நெற்றியோடு சுரங்கப்பாதைப் பக்கமாக வீட்டுக்கு நடந்தேன். என்ன அக்கா, வீட்டில் யாருக்கும் ஏதும் ஆகிவிட்டதா என்று தெருவில் இரண்டு பேர் பயந்துபோய்க் கேட்டார்கள்.

மறுநாள் வெட்டு. முடி மாதிரி ஒரு கம்பி, அதில் வைரத்தூள் ஒட்டியிருக்கும். அது முன்னும் பின்னும் ஓடும், அதன் மேல் சொட்டுச் சொட்டாக மருந்து விழும். கல்லை அதற்குப் பக்கத்தில் கொண்டுபோய்த் தொடவிட வேண்டும், அழுத்தக் கூடாது. கல்லின் எடையிலேயே கம்பி இறங்க வேண்டும். சத்தம் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். சத்தம் மாறினால் வெடிப்பு ஓடுகிறது என்று அர்த்தம், உடனே தூக்கிவிட வேண்டும்.

கௌசல்யா என் பக்கத்தில் நின்றாள். "நான் வெளியில நிக்கட்டோ அக்கா?"

"நில்லுங்கம்மா. நீங்க வெளிய போனா நான் வெளிய பார்ப்பேன்."

கம்பி இறங்கியது. பாதிக்கு வந்தபோது சத்தம் மாறியது. க்ரீச் என்று ஒரு சின்னச் சத்தம். தூக்கிவிட்டேன். லென்ஸில் பார்த்தால், வெடிப்பிலிருந்து ஒரு கிளை பிரிந்து சுத்தமான பக்கத்தை நோக்கி வந்திருந்தது. இன்னும் கொஞ்சம் வந்தால் எல்லாம் போய்விடும். சேர் கதவருகில் கை கட்டி நின்றார். நிறுத்தவும் சொல்லவில்லை, வெட்டவும் சொல்லவில்லை.

கல்லை மறுபக்கம் திருப்பிப் பதித்து, அந்தப் பக்கத்திலிருந்து கம்பியை இறக்கினேன். அவர் வாயிலிருந்து கேட்டுப் பழகின சொல்தானே, திருப்பு. மெழுகு ஆறுகிற வரைக்கும் காத்திருந்த அந்த நேரம் மாதிரி நீளமான நேரம் என் வாழ்க்கையில் இல்லை. என் கிளாஸில் இருந்த பிளேன்டீ மேசையில் ஆறிக்கொண்டிருந்தது. கௌசல்யா அதை எடுத்து, பார்க்காமலே குடித்தாள். கண் எல்லாம் கல்லில். குடித்தது அவளுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

கம்பி இரண்டு பக்கத்திலிருந்தும் சந்தித்தது. கல் இரண்டாகப் பிரிந்து மெழுகில் கிடந்தது. சிவந்த பாதியின் ஓரம் உதிர்ந்துவிட்டது. சுத்தமான பாதி முழுசாக இருந்தது.

அந்தப் பாதியைக் கழுவினோம். சேர் அதை லென்ஸில் நெடுநேரம் துருவிப் பார்த்தார். கை காந்தத்தைக் காட்டினார், அசையவில்லை. நான் கம்பி ஒட்டினேன். இன்னும் சின்னக் கல் என்பதால் இன்னும் சின்னப் பசை. அடுப்பில் இறுக்கி, கொண்டுபோய்ப் பூட்டினேன். மின்சாரத்தை விட்டார்கள். காந்தம் ஏறியது, இறங்கியது. கோடு வரைய ஆரம்பித்தது.

கௌசல்யா திரையைப் பார்க்கவில்லை. என் தோளைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தாள். "இருக்கோ அக்கா? வெற்றிலை இருக்கோ?"

வெற்றிலை இருந்தது. ஆனால் அது பழைய வெற்றிலை இல்லை. அகன்று, திரை கொள்ளாமல் நின்றது.

"சேர், ஏதோ தப்பு" என்றாள் அவள், தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு. "இவ்வளவு வராது."

"திருப்புங்க" என்றார் சேர்.

மின்சாரத்தைத் திருப்பினோம். காந்தத்தைத் திருப்பினோம். சூட்டை விட்டு அளந்தோம். கம்பியைக் கழற்றிக் கல்லைத் திருப்பி ஒட்டி அளந்தோம். துண்டு சின்னதாகிவிட்டதையும் கணக்கில் சேர்த்துப் பார்த்தார்கள். ஒவ்வொரு தடவையும் அதே அகலம். கடைசியில் சேர் ஒரு குண்டூசி நுனியில் குங்குமத்தைத் தொட்டு, வேறு ஒரு சாதாரண உலோகத் துண்டில் வைத்து அளக்கச் சொன்னார். அதிலும் கோடு வந்தது, ஆனால் எதிர்ப்பக்கமாகச் சாய்ந்து.

அப்போதுதான் எங்களுக்கு விளங்கியது. கல் ஒரு பக்கம் இழுத்திருக்கிறது. குங்குமம் எதிர்ப்பக்கம் இழுத்திருக்கிறது. நாங்கள் முதலில் பார்த்துச் சந்தோசப்பட்டது, இரண்டும் மல்லுக்கட்டி மிஞ்சின மிச்சம். குங்குமம் எங்களுக்குப் பொய்யாக எதையும் காட்டவில்லை. இருந்த உண்மையில் பாதியை மறைத்துக்கொண்டிருந்திருக்கிறது.

கௌசல்யா தரையில் உட்கார்ந்துவிட்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று எனக்குத் தெரியவில்லை. "அம்மாளாச்சி, உன்னைக் கும்பிட்டதுக்கு எனக்குச் செய்த வேலையைப் பாத்தியோ" என்று சரஸ்வதியை ஏசினாள். நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். அந்த நேரத்தில் எனக்கும் சாமிக்கும் கொஞ்சம் கணக்குத் தீர்க்க இருந்தது.

அவள் எழுதினதை ஒப்புக்கொண்டார்கள். லீவு முடியும் முன்னே கேள்வி கேட்க வந்தவர்களுக்குப் பதில் சொல்லி, பட்டம் வாங்கிவிட்டாள். கேள்வி கேட்டவர்களில் ஒருவர், ஏன் கல்லை வெட்டினீர்கள் என்று கேட்டாராம். குங்குமத்தை மறைக்காமல் அப்படியே சொல்லியிருக்கிறாள். அவர்கள் சிரிக்கவில்லையாம், பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்களாம். ஊருக்குப் போகிற அன்று தன் போத்தலைக் கழுவி என் கையில் கொடுத்தாள். "நீங்கள் வச்சிருங்கோ அக்கா" என்றாள். வேலையை விடும்வரைக்கும் நான் அதில்தான் டீ கொண்டுபோனேன்.

அடுத்த வாணி விழாவும் வந்தது. நான் புதுக்கடையில் குங்குமம் வாங்கியிருந்தேன், மங்கல் நிறம். படம் வைத்து, சாமான்களை அடுக்கி, சந்தனத்தைக் குழைத்துக்கொண்டிருந்தேன். எந்த வருசமும் சுண்டலுக்கு மட்டும் வருகிற சேர், அன்றைக்கு முன்னதாகவே வந்து மேசைக்குப் பக்கத்தில் நின்றார். சட்டைப் பையிலிருந்து அந்தக் கை காந்தத்தை எடுத்து நீட்டினார்.

"மாரி, முதல்ல இதை வச்சுப் பார்த்துட்டு அப்புறம் பொட்டு வைங்க."

தாளில் கொட்டினேன். காந்தத்தைக் கீழே கொண்டுபோனேன். குங்குமம் அசையவில்லை. வெறும் மஞ்சளும் சுண்ணாம்பும், சாதுவாகக் கிடந்தது. எல்லாரும் மூச்சு விட்டார்கள். நான் விரலில் கொஞ்சம் எடுத்து, மீட்டருக்கும் வைக்கவில்லை, உலைக்கும் வைக்கவில்லை. கையில் இருந்த அந்தக் காந்தத்துக்கு முதல் பொட்டை வைத்து, சரஸ்வதி காலடியில் வைத்தேன்.

கூரையில் மரம் விழுந்தபோதும் அதிராத மனுசன், அன்றைக்கு வாயைத் திறந்தபடி நின்றார்.

"காந்தத்துக்கேவா மாரி?"

"ஒட்டாத குங்குமம் தானே சேர். பயப்படாதீங்க."